லேத்துக்குக் கொசுறு

பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள், வேண்டிய பொருளை முதலில் காலால் ஓர் உதை விடுவார்கள். பிறகு "என்ன பாய், துருப்பிடிச்சுப் போச்சு" என்று அதைத் திட்டுவார்கள். உதை எவ்வளவு பலமோ அவ்வளவு ஆசை. காங்கேயம் ரோட்டில் என் வாப்பா போட்ட கடையில் இருபது வருஷம் உட்கார்ந்து நான் படித்த படிப்பில் பாதி இதுதான். உதையைப் பார்த்து விலை சொல்வேன்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, மயிலாள் வந்து என் லேத்தை உதைத்தாள்.

இரும்பு கடைகிற அந்த லேத் அப்படியொன்றும் பெருமைப்படக்கூடிய பொருள் இல்லை. மூடிப்போன ஒரு பஞ்சாலையை உடைத்தபோது மொத்தமாக எடுத்த சரக்கில் அதுவும் லாரி ஏறி வந்தது. ஆறடி நீளம், சீமையில் வார்த்தது. செய்தவன் பெயர் இருந்த பித்தளைத் தகட்டை எனக்கு முன்னமே எவனோ கழற்றி விற்றுத் தின்றிருந்தான். மோட்டார் கிடையாது. அந்தக் காலத்தில் ஆலைக்கூரையை ஒட்டி ஒரு நீளத் தண்டு சுற்றும். அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி வந்து லேத்தைச் சுற்றும். தண்டும் போய், பெல்ட்டும் போய், நாலு மழைக்காலம் வெட்டவெளியில் கிடந்தது. அதன் அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் பாய், இது என்னங், கோழிக்கூடுங்களா?"

"லேத்து அம்மிணி. சீமை லேத்து."

"கோழி மட்டும் உள்ளூருங்களாட்ட இருக்குது" என்றாள்.

முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். இரும்பு கீறித் தழும்பேறிய விரல்களைப் பார்த்ததும் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அருள்புரத்தில் சுப்பையன் பட்டறை என்றால் பனியன் தொழிலில் தெரியாதவர்கள் இல்லை. துணி பின்னுகிற மிஷின்களுக்கு உதிரி பாகம் கடைகிற இடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கடைசலில் தெறிக்கிற இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதற்காக அங்கே போனவள் மயிலாள். லேத்தில் நின்று கடைகிற டர்னர் திங்கட்கிழமை வரமாட்டார். செவ்வாய்க்கிழமை வந்தாலும் நிற்கமாட்டார். நிற்க முடிந்தவள் நின்றாள். கடைசி ஐந்து வருஷம் அந்தப் பட்டறையிலிருந்து போன உருளைகள் பாதிக்குமேல் அவள் கையில் கடைந்தவை. சம்பளப் புத்தகத்தில் மட்டும் அவள் பெயருக்கு நேரே 'ஹெல்பர்'.

அந்த வருஷம் சித்திரையில் அவள் டர்னர் கூலி கேட்டாள். சுப்பையன் பத்துப் பேர் நடுவில் வைத்துச் சிரித்தார்.

"சேலையைக் கட்டிக்கிட்டு வந்து டர்னர் கூலி கேக்கறா பாருங்கப்பா! வேணும்னா உன்ற ஊட்டுல ஒரு லேத்தைப் போட்டு நீயே மொதலாளி ஆயிக்க."

பத்துப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மயிலாள் கையைப் பஞ்சுக்கழிவில் துடைத்தாள். "சரிங்க, போட்டுக்கறனுங்க" என்றாள். வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அருள்புரத்துப் பட்டறைகள் அத்தனைக்கும் சுப்பையன் சொல்லி அனுப்பிவிட்டார், அவளை யாரும் வேலைக்குச் சேர்க்கக் கூடாதென்று. திரும்பி வரலாம், ஆனால் பட்டறை வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழ 'தப்புத்தானுங்க' என்று சொல்ல வேண்டும். பிறகு அதே ஹெல்பர் கூலிக்குத் துடைப்பத்தை எடுக்க வேண்டும். மூன்று மாதமாக அவள் அங்கே போகவில்லை. இப்போது என் கடையில் நின்று கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைகிற இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கைக் கையால் சுற்றிவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். லேத்தின் நீள மேடையைப் பட்டறையில் பெட் என்பார்கள். அதன் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டே போனாள். சக்குக்கு அருகில் வந்ததும் விரல் நின்றது.

"இங்க பாருங். குழி உழுந்து போச்சு. நாப்பது வருசமா எல்லாரும் இந்த ஒரு சாணுக்குள்ளயே வேலை பாத்திருக்கறாங்க. இதுல உருளை கடஞ்சா காரட்டாட்டத்தான் வரும், ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் சூம்பி."

"அப்போ வேண்டாமா?"

"வேண்டாம்னு யாருங் சொன்னாங்க? எருமையை வித்துப்போட்டுச் சனிக்கெழமை வர்றேன். அதுக்குள்ள யாருக்காச்சும் தூக்கிக் குடுத்தறாதீங்க."

யாருக்குத் தூக்கிக் கொடுக்க? நாலு வருஷத்தில் அதை விலை கேட்டது அந்தக் கோழி மட்டும்தான்.

ஆனால் வியாழக்கிழமை இன்னொருவர் கேட்டார். சுப்பையனே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டறைக்கு வேண்டிய இரும்புக்கம்பி முழுக்க என்னிடம்தான் எடுப்பவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"அலாவுதீன் பாய், அந்த மயிலாளுக்கு லேத்து கீத்துக் குடுத்துப்போடாதீங்க. வேணும்னா இரும்பு வெலைக்கு நானே எடுத்துக்கறேன்."

"நீங்க எடுத்து என்ன பண்ணுவீங்க?"

"ஒடச்சு, உருக்கி ஊத்தறவனுக்குப் போட்டுடறேன். எனக்கு எதுக்கு அந்தக் கருமாந்தரம்?"

எனக்குச் சுருக்கென்றது. விலையைக் குறைத்துக் கேட்டால் அது மரியாதை. பேரம் பேசுகிறவன் பொருளை மதிக்கிறான். யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாது என்று சொல்கிறவன் என் நாற்காலியில் அல்லவா ஏறி உட்காருகிறான்?

"அண்ணா, பொருளுக்கு வெலை கேளுங்க, சொல்றேன். வாங்கற ஆளுக்கு வெலை வெக்காதீங்க. அது என் கடைல இல்லாத சரக்கு."

அவர் முகம் கறுத்துப் போனார். நானும் ஒன்றும் அவுலியா, மகான் இல்லை. அவர் போன கையோடு லேத்தின் விலையை மனதுக்குள் ஒன்றரை மடங்காக்கிக்கொண்டேன். ஒருத்தர் வேண்டாமென்று சொல்ல இவ்வளவு தூரம் வருகிறார் என்றால் சரக்கில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

சனிக்கிழமை மயிலாளோடு அவள் புருஷன் வெள்ளியங்கிரியும் வந்தார். கிணறு வற்றிப்போன மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டுக்குச் சொந்தக்காரர். இரண்டு எருமைகளையும் சந்தையில் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். கை இன்னும் சந்தையை மறக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தோள் துண்டை மேலே போட்டு மூடினார். துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்து அழுத்தி விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, அது மாடில்லீங்க. கையை எடுங்க" என்றாள் மயிலாள்.

"பழக்கம் புள்ள" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லேத்தின் பின்பக்கம் போய் நின்றார். வால் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

நான் விலை சொன்னேன். அவள் பாதிக்குக் கேட்பாள், நான் வாப்பா மேல் சத்தியம் பண்ணுவேன், அவள் வாசல்வரை போவாள், நான் கூப்பிடுவேன் என்று முழுக் கச்சேரிக்கும் தயாராக இருந்தேன். அவள் கொஞ்சமாகக் குறைத்துக் கேட்டாள். நான் அதில் பாதி விட்டுக் கொடுத்தேன். "சரிங்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நல்ல விலை கிடைத்தும் ருசியில்லாத வியாபாரம் அது. எங்கேயோ எதுவோ இடிக்கிறது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

லாரிக்காரன் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"ஏனுங் பாய், கொசுறு?"

"லேத்துக்கு என்ன கொசுறு அம்மிணி? கறிவேப்பிலையா தர முடியும்?"

"இவ்வளவு வெலை குடுத்து வாங்கிப்போட்டுச் சும்மா போறதுங்களா? தா, அந்தக் கதவோரம் ஒரு கோணக்கட்டை கெடக்குதல்லங், அதைத் தூக்கிப் போடுங்."

கதவு காற்றில் அடிக்காமலிருக்க நான் முட்டுக் கொடுத்திருந்த வார்ப்பிரும்புத் துண்டு அது. நாலடி நீளம். முதுகு வில்லாக வளைந்து, வயிறு மட்டும் நேராக இருக்கும். லேத் வந்த லாரியிலேயே ஒரு மரப்பெட்டிக்குள் வந்தது. பெட்டியை டீத்தண்ணி வைக்க எரித்துவிட்டோம். வயிற்றில் கெட்டியாகக் கிரீஸ் அப்பியிருந்ததால் கையில் ஒட்டாமலிருக்கச் சாக்கைச் சுற்றி வைத்திருந்தேன். அவள் இரண்டு நாளும் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒருமுறைகூட உதைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அது எதுக்கு?"

"ஊட்டுல ஆட்டாங்கல்லு ஆடுதுங். அண்டக் குடுக்கலாம்னு."

"நாலடி இரும்பையா?"

"பெரிய ஆட்டாங்கல்லுங்க."

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். அவள் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். நானே ஒரு முனையைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டேன். கொசுறு கொடுக்கும்போது முகம் சுளித்தால் கொடுத்தது வீண் என்று சின்ன வயசிலிருந்தே எங்களுக்குப் பழக்கம். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். லேத்தை இறக்க என் செயின் கப்பியையும் இரவலாக அனுப்பிவைத்தேன்.

புரட்டாசி முடிந்தும் கப்பி திரும்பி வரவில்லை. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அதை வாங்கிவரப் போனேன். அருள்புரத்திலிருந்து தெற்கே இரண்டு மைல் தள்ளி, காட்டுக்குள் அவர்களுடைய ஓட்டுச் சாளை வீடு. பக்கத்தில் எருமை கட்டியிருந்த கட்டுத்தரை. அதில் இப்போது சிமெண்டு மேடை போட்டு லேத்தைக் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்தார்கள் என்பதைவிட உரித்திருந்தார்கள் என்றால் பொருந்தும். பல்சக்கரங்கள் எல்லாம் எருமைக்குத் தண்ணி காட்டும் தொட்டிக்குள் மண்ணெண்ணெயில் ஊறின. பெட் மட்டும் துணியில்லாமல் நின்றது. மூலையில் கிணற்று மேட்டிலிருந்து பெயர்த்து வந்த ஆயில் இஞ்சின். கிணற்றில் தண்ணீர் இல்லாததால் அதற்கும் வேலையில்லை.

மயிலாள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து விரலால் எதையோ தொட்டு எடுத்தாள். கண்மை! விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அவளே கூட்டியது. அதை அந்த வளைந்த இரும்பின் வயிற்றில் பூசினாள். கறுப்பு தெரியக் கூடாது, சாம்பல் நிழல்தான் தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசாக உள்ளங்கையால் தேய்த்தாள். கிரீஸ் போன அந்த வயிறு கண்ணாடி மாதிரி இருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்து அதைப் பெட்டின்மேல் கவிழ்த்து, ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தித் தூக்கினார்கள். பெட்டில் அங்கங்கே கறுப்புத் திட்டு ஒட்டியிருந்தது.

"மை ஒட்டுன எடம் மேடுங்க. ஒட்டாத எடம் பள்ளம். மேட்டைச் சொரண்டோணும்."

பழைய அரத்தின் முனையைத் தீட்டிச் சுரண்டி செய்து வைத்திருந்தாள். இடுப்பில் முட்டுக் கொடுத்துச் சுரண்டினாள். மிளகுப்பொடி மாதிரி ஒரு சிட்டிகை உதிர்ந்தது. மறுபடியும் மை, மறுபடியும் கவிழ்ப்பு, மறுபடியும் சுரண்டல்.

"எத்தனை தடவைங்க இப்படி?" என்று வெள்ளியங்கிரியைக் கேட்டேன்.

"நூறு வரைக்கும் எண்ணுனனுங் பாய். அப்பறம் எண்றதை உட்டுப்போட்டுச் சாமி கும்புட ஆரமிச்சுட்டேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போன சின்னாத்தாள் என்ற பெண் எட்டிப் பார்த்தாள். "ஏ மயிலா, எருமைக்குப் பதிலா இரும்பைக் கட்டி மையும் பூசிப்போட்டே. பொட்டு எப்ப வெக்கறே?"

"உன்ற ஊட்டுக்காரரு தள்ளாடாம ஊடு வந்து சேர்ற அன்னிக்குச் சொல்லி உடு, வெச்சுப்போடறேன்."

சின்னாத்தாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த வளைந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, இது என் கதவு முட்டுதானே?"

"ஆமாங்."

"ஆட்டாங்கல்லு?"

"அது இன்னும் ஆடிக்கிட்டுத்தானுங் இருக்குது."

மறைக்காமல் சொன்னாள். மட்டம் பார்க்கிற இரும்பு அது. அதன் நேரை வைத்துத்தான் மற்றதின் கோணலைக் கண்டுபிடிக்க முடியும். சுப்பையன் பட்டறையிலும் ஒன்று உண்டாம், இதில் பாதி நீளம். பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பாராம். பன்னிரண்டு வருஷம் அதைத் துடைத்து எண்ணெய் போட்டது அவள். எடுத்து ஒருநாள்கூட வேலை செய்ய அவளை அவர் விட்டதில்லை.

"புதுசா வாங்குனா இந்த லேத்தோட வெலை வருங் பாய். வெலை பேசியிருந்தா நீங்க முழிச்சிருப்பீங்க."

இரண்டு தலைமுறை வியாபாரம், ஒரு கொசுறில் கவிழ்ந்து கிடந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கப்பியை வாங்காமலே திரும்பி வந்தேன்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். நல்ல கதை கிடைத்தால், அதில் முட்டாள் நானாகவே இருந்தாலும், சொல்லாமல் இருக்க எனக்கு வராது. டீக்கடையில் சொன்னேன். ஒரு வாரத்தில் அது அருள்புரம் போய்ச் சேர்ந்தது.

சுப்பையன் இந்தத் தடவை காரில் வந்தார். "ஏறுங்க பாய்" என்றார். ஏறினேன். வழியில் பேசினார்.

"உங்களை ஏமாத்தி வாங்கியிருக்கறா. தெரியாம குடுத்ததை ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி வாங்குங்க. அந்த மட்டக்கட்டையை நான் எடுத்துக்கறேன், நீங்க கேக்கற வெலைக்கு. இந்த வருசமும் அடுத்த வருசமும் கம்பி முழுக்க உங்க கடைலதான்."

பொய் சொல்வானேன், கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். கணக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

கட்டுத்தரையில் பெட் பாதிவரை முடிந்திருந்தது. முடிந்த பக்கம் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரிப் பொடிப் பொடியாக மை ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டினால்தான் மட்டமாம். மறுபாதி பழைய கோலத்திலேயே இருந்தது.

"மயிலா, பாயே நேர்ல வந்துட்டாரு" என்றார் சுப்பையன். "தெரியாம குடுத்துப்போட்டாராம். அதை வண்டியில ஏத்து."

அவள் சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப எடுத்துக்கிட்டுப் போனா இது பழைய லேத்துமில்லீங்க, புது லேத்துமில்லீங்க. பாதி ஒரு ஒசரம், பாதி ஒரு ஒசரம். எடைக்குத்தான் போடோணும்."

"அதுக்கு நானென்ன பண்றது? வந்து ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லியிருந்தா எருமையாச்சும் மிஞ்சியிருக்கும்."

"தப்புப் பண்ணியிருந்தாச் சொல்லியிருப்பனுங்க." அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "பாய், நீங்க சொல்லுங். குடுத்தீங்களா, இல்ல மறந்து உட்டுப்போட்டீங்களா?"

வியாபாரத்தில் நாங்கள் பண்ணாத அக்கிரமம் இல்லை. துருவுக்குப் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறேன். உடைந்ததை ஒட்டி விற்றிருக்கிறேன். ஆனால் விலை முடிந்து, காசு கை மாறி, அதற்கப்புறம் சிரித்துக்கொண்டு கொடுத்தது கொசுறு. அதில் ஒரு கொத்துமல்லித் தழையானாலும் சரி, ஒரு யானையானாலும் சரி, அதைத் திருப்பிக் கேட்டவனை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கொசுறைத் திருப்பிக் கேட்ட கடை என்று பெயரெடுத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு ஷட்டரைத் தூக்குவது?

"குடுத்தேன்" என்றேன். "தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"எதுக்குக் குடுத்தீங்க?" என்று சீறினார் சுப்பையன்.

"ஆட்டாங்கல்லு ஆடுதுன்னாங்க. பாவமா இருந்துச்சு."

வெள்ளியங்கிரி சிரிப்பை இருமலாக்கி வெளியே ஓடினார். சுப்பையன் என்னை அந்தக் காட்டிலேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். அன்றோடு என் கடைக்கும் அவர் பட்டறைக்கும் இருந்த கம்பி வியாபாரம் முடிந்தது.

மயிலாள் நன்றி கின்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "எருமை இருந்தா மோரு குடுத்திருப்பனுங்க" என்றாள்.

மாசி மாதம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பட்டறைகளுக்குப் பகலில் கரண்டே இல்லை. ஒருநாள் காலையில், பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்த காசிமாயன் என் கடைக்கு வந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தோளில் ஒரு சாக்கு மூட்டை. பிரித்தால், பின்னிய துணியை இழுத்துச் சுருட்டுகிற உருளை, நடுவில் கீறி விண்டுபோய்க் கிடந்தது.

"பாய், சுப்பையன் நாலு நாளாகும்ங்கிறாரு. கரண்டு இல்லையாம். எனக்கு நாளைக்குச் சரக்கு கெளம்பணும். மிஷினுக்கு ஜெனரேட்டர் ஓடுது, மிஷின்ல உருளை இல்ல. யாரோ ஒரு பொம்பள லேத்து வச்சிருக்காமே, நெசமா?"

கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தவர், கட்டுத்தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அடி ஆத்தி! மாட்டுக் கொட்டத்துக்கா கூட்டியாந்தீக?"

"மாடு போய் ஏழு மாசமாச்சுங்க. உள்ள வாங்" என்றாள் மயிலாள்.

லேத் சாம்பல் வண்ணத்தில் புதுசாக நின்றது. பல்சக்கரத்தில் எண்ணெய் மினுங்கியது. ஆயில் இஞ்சினிலிருந்து பெல்ட் போட்டிருந்தார்கள். வெளியாள் கொண்டுவந்த முதல் வேலை இதுதான். உருளையில் ஒரு மயிரிழை சாய்வு இருந்தாலும் துணி ஒரு பக்கமாக இழுத்துக் கோணும். கோணினால் காசிமாயன் ஊர் முழுக்கச் சொல்வார். அப்புறம் அந்த வேலிக்குள் ஒருவரும் நுழையமாட்டார்கள். எருமையும் இல்லை, லேத்தும் இல்லை, மிஞ்சுவது சுப்பையன் வாசல்தான். இது அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும். வெள்ளியங்கிரி வேட்டியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

இஞ்சினைக் கிளப்பினார்கள். புது இரும்பை ஏற்றி முதல் இழை கடைந்தாள். நிறுத்திப் பார்த்தால் உருளை முழுக்கச் சின்னச் சின்ன அலை, மணலில் தண்ணீர் ஓடின தடம் மாதிரி.

"போச்சு" என்றார் காசிமாயன். "நான் சொன்னேன்ல?"

மயிலாள் உருளையைத் தொடவில்லை. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சின் உதறல் தரையோட வருது. மாமா, கடப்பாரையை எடுங்க."

இஞ்சினுக்கும் லேத்துக்கும் நடுவில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். அதில் தேங்காய் நாரையும் மணலையும் போட்டு நிரப்பினார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. காசிமாயன் இரண்டு தடவை மூட்டையைக் கட்டினார், இரண்டு தடவை அவிழ்த்தார். கடைசியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரும் மணல் சுமந்தார்.

மறுபடி கடைந்தாள். அலை இல்லை. காசிமாயன் தன் மைக்ரோமீட்டரை எடுத்து இந்தக் கோடியை அளந்தார், அந்தக் கோடியை அளந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார், கொஞ்சம் ஏமாந்த குரலில்.

"கோடி ரெண்டும் ஒண்ணா வர்றது பெரிசில்லீங்க. பின்பக்கத்தைக் கொஞ்சம் தட்டி நகத்துனா எந்த லேத்துலயும் வரும். நடுவுல பாருங்."

அவர் நடுவில் வைத்துப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மைக்ரோமீட்டரையே துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சாணுக்கு ஒரு சாண் வைத்துக்கொண்டே போனார்.

"தாயி, அங்க நான் வாங்குற உருளையில எப்பவும் நடுவுல ஒரு தொந்தி இருக்கும். இது எங்கன வச்சாலும் ஒண்ணு போல நிக்கிதே! யாரு கையி இது?"

"அஞ்சு வருசமா உங்களுக்கு உருளை கடஞ்ச அதே கைங்க. அப்ப லேத்துதான் வேற."

மறுநாள் விடிந்ததும் வந்தார். துணி நூல் பிடித்த மாதிரி நேராக இறங்குகிறதாம். கையில் இன்னும் ஆறு உருளைகள்.

அந்த ஆறில் நாலாவது கடைந்து முடிந்த நாள், செயின் கப்பியை ஒருவழியாக வாங்கிப் போகலாமென்று நானும் போயிருந்தேன். காசிமாயன் முடிந்ததை அளந்துகொண்டிருந்தார். டீசல் ஊற்றுவதற்காக இஞ்சினை நிறுத்தி, ஐந்தாவதை லேத்தில் ஏற்றியிருந்தார்கள். அப்போது சுப்பையன் வந்தார். அவர் பட்டறையில் கரண்டில்லாமல் டர்னர்கள் எல்லாம் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி. வேலியோரம் நின்று லேத்தை ஏற இறங்கப் பார்த்தார். உதைக்கிற தூரத்தில் அது இல்லை.

"மயிலா, நடந்தது நடந்து போச்சு. நீ டர்னர் கூலிதானே கேட்டே? தர்றேன். லேத்தையும் இஞ்சினையும் கொண்டாந்து நம்ம பட்டறையிலயே போட்டுக்கலாம். காட்டுக்குள்ள கெடந்து நீ எதுக்குச் சீரழியோணும்?"

"புஸ்தகத்துல என்னன்னு எழுதுவீங்க?"

"டர்னர்னே எழுதறேன். போதுமா?"

"எந்த வருசத்துலிருந்துங்க?"

"எந்த வருசத்துலிருந்தா? வர்ற ஒண்ணாந்தேதிலிருந்து."

"அஞ்சு வருசம் அங்க நின்னு கடஞ்சனுங்களே, அது?"

"அது பழசு. பழசைக் கெளறி இப்ப என்ன ஆவப் போகுது?"

"அதையும் எழுதோணுங்க. அஞ்சு வருசத்துக்கும் ஹெல்பர்னு இருக்கறதை அடிச்சுப்போட்டு டர்னர்னு எழுதிக் கொண்டாங்க. அன்னிக்குச் சிரிச்ச பத்துப் பேரையும் வெச்சுக்கிட்டுப் படிச்சுக் காட்டுங்க. அப்பவும் நான் வரமாட்டனுங்க. ஆனா எழுதிக் கொண்டாங்க."

"அதெப்படி மயிலா, நாலு பேரு என்ன..."

அவள் இஞ்சின் கைப்பிடியை மாட்டி மூன்று சுற்றுச் சுற்றினாள். இஞ்சின் பிடித்துக்கொண்டது. பெல்ட் உதறி நிமிர்ந்தது, லேத் சுழன்றது, கட்டுத்தரை முழுக்க அந்தச் சத்தம்தான்.

சுப்பையனின் வாய் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. கையை ஆட்டினார், என்னைக் காட்டினார், லேத்தைக் காட்டினார். என்ன சொன்னார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மயிலாள் ஐந்தாவது உருளைமேல் குனிந்து, கடையத் தொடங்கியிருந்தாள்.